ஓர் இரவு முகாமும் ஆறு வார வகுப்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாமே என்று நினைத்துக்கொண்டே எழுந்து, கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் நாம் எல்லாரும் முகாம் போடுவோம். பஸ் யார் பார்ப்பது, சாப்பாடு எங்கே சொல்வது, டி-சட்டை என்ன நிறம் என்று மூன்று மீட்டிங் போகும். முகாமுக்கு முந்தின வாரம் வகுப்பில் என்ன பாடம், முடிந்து வந்த பிறகு என்ன பாடம் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் இருக்காது. முகாமே ஒரு பாடம்தானே, அதற்குத் தனியாகப் பாடம் எதற்கு என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பால் எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பையன் நின்றுவிட்டான்.

போன வருஷம் நடந்தது

எங்கள் வகுப்பு பட்டர்வொர்த் பக்கம். பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருபத்தெட்டு பிள்ளைகள். போன டிசம்பரில் ஜெராய் மலை அடிவாரத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் சண்டிக்கும் போய்விட்டு வந்தோம். நான் ஃபாசிகளில் ஒருவன்.

இரவு தீமூட்டி உட்கார்ந்திருந்தபோது பிள்ளைகள் கதை கேட்டார்கள். பேய்க்கதை சொன்னது நான்தான். நன்றாகவே சொன்னேன். எல்லாரும் கத்தினார்கள், சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

கழிவறை, தங்கும் அறையிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருந்தது. வழியில் விளக்கு இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன், அன்றுதான் முதல் முறையாக அம்மா இல்லாமல் தூங்குகிறான், இரவில் எழுந்திருக்கிறான். போகப் பயம். எங்களை எழுப்ப வெட்கம். அப்படியே திரும்பிப் படுத்துவிட்டான். காலையில் அவன் பாய் நனைந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பஸ் பட்டர்வொர்த் வந்து சேர்வதற்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வந்தான். யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் "டேய், சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. போன் பண்ணினேன். அவன் அம்மா, "பரவாயில்ல தம்பி, அவனுக்கு இப்ப டியூஷன் இருக்கு" என்றார்.

அதே ஞாயிற்றுக்கிழமை, முகாமில் பார்த்ததை வரையுங்கள் என்று வெள்ளைத்தாள் கொடுத்திருந்தோம். சண்டியை வரைந்தது நான்கு பேர். மற்றவர்கள் தீயையும் பேயையும் வரைந்தார்கள். நாங்கள் அழைத்துப் போனது நம் வரலாற்றைக் காட்டுவதற்கு. அவர்கள் கொண்டு வந்தது என் பேயை.

இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான். நாங்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றினோமே தவிர, அவர்களைத் தயார் பண்ணவில்லை. சண்டிக்கும் தயார் பண்ணவில்லை, இரவுக்கும் தயார் பண்ணவில்லை. திரும்பி வந்த பிறகு பார்த்ததைச் சேர்த்து வைக்கவும் இல்லை.

இந்த வருஷம் முகாமுக்கு முன் நான்கு வகுப்பு, பின் இரண்டு வகுப்பு என்று திட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கீழே அப்படியே தருகிறேன். நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்.

முதல் வாரம்: நாம் எங்கே போகிறோம்?

தேவையானவை: வடமலேசிய நிலப்படம் ஒன்று, பெரிய மாஜோங் தாள், நூல், குண்டூசி.

நிலப்படத்தைச் சுவரில் மாட்டுங்கள். வடக்கே ஜெராய் மலை, உயரம் 1,217 மீட்டர். தெற்கே மூடா ஆறு. இவை இரண்டுக்கும் நடுவில் நூலைக் கட்டச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில்தான் பழைய கோயில்களின் அடித்தளங்கள் பல கிடைத்திருக்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. "நீங்க ஒரு கப்பல் மாலுமி. இந்தியாவிலிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி வர்றீங்க. ஜிபிஎஸ் கிடையாது. கரை எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: தூரத்திலிருந்தே தெரியும் மலை. கடற்கரைக்குப் பக்கத்தில் தனியாக உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை அந்தக் காலத்து மாலுமிகளுக்கு ஓர் அடையாளம். அதன் அடிவாரத்தில் ஆற்றுமுகம், துறைமுகம், வியாபாரம், அதோடு வழிபாட்டு இடங்கள்.

அடுத்து "கடாரம்" என்ற சொல்லைப் பலகையில் எழுதுங்கள். கெடாவுக்கு நம் பழைய பெயர் அது. பட்டினப்பாலையில் வரும் "காழகம்" என்ற சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் சொல்கிறார். 1025-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை இந்தப் பக்கம் வந்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "நாம் ஜெயித்தோம், எல்லாம் நம்முடையது" என்று வீரவசனம் பேசிவிட்டுப் போகாதீர்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் இந்துச் சின்னங்களும் பௌத்தச் சின்னங்களும் கிடைத்திருக்கின்றன. வந்தவர்களும் உண்டு, இங்கேயே இருந்தவர்களும் உண்டு. அதைப் பிள்ளைகளிடம் நேராகவே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் மலாய்த் தோழனுக்கும் சீனத் தோழிக்கும் சொந்தமான வரலாறு அது என்று தெரிந்தால், நம் பிள்ளை அதைப் பற்றி அவர்களிடமே பேச முடியும்.

கடைசி இருபது நிமிடம் பக்கத்து ஊருக்கு ஒதுக்குங்கள். 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி நம் செபராங் பிறையிலேயே ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு அது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குனில், புனித அன்னாள் தேவாலய வளாகத்திலேயே, பழைய எழுத்துகள் பொறித்த ஒரு பாறை இருக்கிறது. "அங்க நான் போயிருக்கேன் அண்ணா!" என்று குறைந்தது ஒரு பிள்ளை கத்தும். அந்தச் சத்தம் வந்தால் முதல் வகுப்பு வெற்றி.

இரண்டாம் வாரம்: கயிற்றால் ஒரு கோயிலை அளப்போம்

தேவையானவை: ஒவ்வொரு குழுவுக்கும் 12 மீட்டர் கயிறு, மார்க்கர் பேனா, ஒரு மீட்டர் குச்சி, திசைகாட்டி, தாள்.

பொறியியல் படிப்பவன் என்பதால் எனக்குப் பிடித்த வகுப்பு இது. ஆனால் கணக்கு பிடிக்காத அக்காவும் தாராளமாக நடத்தலாம்.

கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறி போடச் சொல்லுங்கள். இப்போது பன்னிரண்டு இடைவெளி இருக்கும். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, 3, 4, 5 என்ற கணக்கில் மூன்று பிள்ளைகள் மூலையில் நின்று இழுத்தால் ஒரு முக்கோணம் வரும். மூன்றும் நான்கும் சேரும் மூலை சரியான செங்கோணம். கட்டட வேலை செய்பவர்கள் இன்றைக்கும் மூலை மட்டம் பார்க்க இந்தக் கணக்கைத்தான் பிடிக்கிறார்கள். உங்கள் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் கைதட்டுங்கள். இல்லாவிட்டாலும் தலைவரிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது கோயில் கொடிமரத்தின் உயரம். ஏணி இல்லாமல் எப்படி அளப்பது? காலை பத்து மணி வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளக்கவும். நிழல் 1.25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் கொடிமரத்தின் நிழல் 10 மீட்டர் என்றால், 10-ஐ 1.25-ஆல் வகுத்தால் 8. கொடிமரம் 8 மீட்டர் உயரம். மத்தியானம் இதைச் செய்யாதீர்கள். நம் ஊரில் அந்த நேரம் வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே இருக்கும். நிழலே காலடியில் சுருண்டுவிடும்.

பிறகு மண்டபத்தின் நீளம், அகலம், தூண்களுக்கு இடையே உள்ள தூரம், கருவறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அளந்து, ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவில் தாளில் வரையச் சொல்லுங்கள். கருவறை, அதற்கு முன்னால் மண்டபம் என்ற அமைப்பு அவர்கள் கையாலேயே தாளில் வந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், மெர்போக்கில் புக்கிட் பாத்து பகாட் சண்டிக்கு முன்னால் போய் நின்றால் கோபுரம் இருக்காது, சாமி இருக்காது, கூரையும் இருக்காது. கல் மேடை மட்டும்தான். போன வருஷம் எங்கள் பிள்ளைகள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா அண்ணா?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தன் ஊர்க் கோயிலை அளந்து வரைந்த பிள்ளைக்கு அந்தக் கல் மேடையைப் பார்த்ததும், "இது விமானம் இருந்த இடம், இது மண்டபம், இந்தக் கல்லில் தூண் நின்றிருக்கும்" என்று புரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாத இடத்தில் கண்டுபிடிப்பதில்தான் சந்தோஷமே.

மூன்றாம் வாரம்: இருட்டு வகுப்பு

தேவையானவை: விளக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு சின்னப் பந்து, பென்சில், டார்ச் லைட்.

இந்த வகுப்பைத்தான் போன வருஷம் நாங்கள் எடுத்திருக்க வேண்டும். முடிந்தால் இதை மட்டும் சனிக்கிழமை மாலை ஏழரைக்கு வையுங்கள்.

முதலில் நிலா. மண்டபத்து விளக்கை எல்லாம் அணைத்து, நடுவில் ஒரு விளக்கு மட்டும் வையுங்கள். அது சூரியன். பிள்ளையின் தலை பூமி. பென்சில் முனையில் செருகிய பந்து நிலா. பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பிறை வளர்வதும், விளக்குக்கு முதுகு காட்டும்போது பந்து முழுக்க வெளிச்சமாவதும் தெரியும். அப்போது பந்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலையின் நிழல் விழும். விழுந்தால் அதுவும் ஒரு பாடம், அதுதான் சந்திர கிரகணம்.

அடுத்து நட்சத்திரம். வானத்தில் நிலாவின் பாதையை நம் முன்னோர்கள் 27 பங்காகப் பிரித்தார்கள். 360-ஐ 27-ஆல் வகுத்தால் 13 டிகிரி சொச்சம். நிலா ஒரு நாளில் நகரும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் நிலா ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். தைப்பூசம் என்றால் தை மாதத்தில் நிலா பூச நட்சத்திரத்தோடு சேரும் நாள். கார்த்திகை தீபம் என்றால் முழுநிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கும் நாள். பத்து மலைக்கும் தண்ணீர்மலைக்கும் வருஷா வருஷம் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் வானத்தில் இருக்கிறது என்று தெரியும்?

வீட்டுப்பாடம்: வளர்பிறையில் ஐந்து நாள், இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரையை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் நடுவில் முகாம் என்றால் இரவு ஒன்பதரை மணிக்குக் கிழக்கு வானில் உயரே கார்த்திகையும், அதற்குக் கீழே சிவப்பாக ஆதிரையும் தெரியும். மேகம் மூடினால் அன்றைக்குக் கதைதான். ஆனால் பேய்க்கதை வேண்டாம்.

இப்போது முக்கியமான பகுதி. பிள்ளைகள் இருட்டுக்குள் ஏற்கனவே அரை மணி நேரம் இருந்துவிட்டார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. எல்லா விளக்கையும் இரண்டு நிமிடம் அணையுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு அணையுங்கள், திடுக்கிட வைக்கக் கூடாது. பயமாக இருக்கும் பிள்ளை அக்கா பக்கத்தில் உட்காரலாம். என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விளக்கு வந்ததும் பட்டியல் போடுங்கள்: மின்விசிறி, மோட்டார் சைக்கிள், பல்லி, பக்கத்து வீட்டு டிவி. முகாமில் என்னென்ன சத்தம் வரும்? தவளை, ஆற்றுத் தண்ணீர், காற்றில் ஓலை. பெயர் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகக் குறையும்.

பிறகு, கழிவறைக்குப் போகும் ஒத்திகை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பிள்ளைகளும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் எழுந்தால் மற்ற இருவரையும் எழுப்பலாம், யாரும் "போடா" என்று சொல்லக் கூடாது. டார்ச் லைட்டோடு மண்டபத்திலிருந்து கழிவறை வரை போய்த் திரும்பி வர வேண்டும். முடிந்ததும் ஃபாசி எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியது இது: "புது இடத்துல தூங்கும்போது சில பேருக்குப் படுக்கை நனையும். அது நோயும் இல்ல, தப்பும் இல்ல. எங்களை எழுப்பு. யாருக்கும் தெரியாம மாத்திடலாம்." இந்த நான்கு வாக்கியத்தை நான் போன வருஷம் சொல்லியிருந்தால் போதும்.

நான்காம் வாரம்: பையும் ஒப்பந்தமும்

தேவையானவை: காலியான பை ஒன்று, உண்மையான சாமான்கள்.

பட்டியலை அச்சடித்து அம்மா கையில் கொடுத்தால் அம்மாதான் பை கட்டுவார். முகாமில் பிள்ளை, "என் துண்டு எங்க அண்ணா?" என்று நம்மிடம் கேட்கும். அதனால் வகுப்பிலேயே பை கட்டிப் பழகட்டும். இரண்டு உடுப்பு, ஒரு மாற்று உடுப்பு தனிப் பிளாஸ்டிக் பையில், துண்டு, போர்வை, செருப்பு, தண்ணீர்ப் புட்டி, டார்ச் லைட், மழைச்சட்டை, மருந்து. கட்டி முடித்த பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தை மூன்று முறை சுற்றச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் விளையாட்டுச் சாமான்கள் தானாகவே வெளியே வரும்.

பெற்றோருக்கு ஒரு தாள் அனுப்புங்கள். ஆஸ்துமா உண்டா, ஒவ்வாமை உண்டா, இரவில் எழுப்பிவிட வேண்டுமா, வீட்டைப் பிரிந்து தூங்கியிருக்கிறதா என்று அதில் கேளுங்கள். அந்தத் தாள் ஒரு பொறுப்பாளர் கையில் மட்டும் இருக்க வேண்டும். வாட்சாப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளோடு ஓர் அக்கா தனியாக அரை மணி நேரம் உட்காரட்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் முகாம் நேரத்தில் முதல் முறையாக மாதவிலக்கு வரலாம். தேவையானது அக்கா பையில் இருக்கும், தயங்காமல் கேட்கலாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். வழிபாட்டில் உட்காருவதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளையும் அவள் வீட்டாரும் முடிவு பண்ணட்டும். எல்லார் முன்னாலும் "நீ அந்தப் பக்கம் போ" என்று சொல்லும் வேலை நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒப்பந்தம். மாஜோங் தாளில் பிள்ளைகளே விதி எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் எழுதியதில் சில: யாருக்கும் பட்டப்பெயர் வைக்கக் கூடாது. தூங்குகிறவரைப் படம் பிடிக்கக் கூடாது. சாப்பிட முடிந்த அளவுதான் தட்டில் போட வேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போடணும், ஃபாசிகளும் சேர்த்துத்தான். ஃபாசிகளுக்குத் தனியாக இரண்டு விதி: ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் முறைபோட்டு எழுந்து பார்க்க வேண்டும்.

முகாமில்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்வகுப்பு நடந்திருந்தால் முகாமில் நாம் நிறையப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதி, அளக்க அனுமதி கேளுங்கள். கல் மேல் ஏறக் கூடாது, கயிறு கல்லில் உரசக் கூடாது. சண்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், திசைகாட்டி பிள்ளையின் கையில் இருக்கிறது.

வளாகத்தில் இருக்கும் சண்டிகள் எல்லாம் அதே இடத்தில் இருந்தவை அல்ல என்பதையும் சொல்லுங்கள். சில, வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து இங்கே திரும்ப அடுக்கப்பட்டவை. புக்கிட் பாத்து பகாட் சண்டி மட்டும் அதன் சொந்த இடத்தில், ஓடைக் கரையில் நிற்கிறது. 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தபோது இதற்குக் கொடுத்த எண் 8. பிறகு 1960 வாக்கில் அலஸ்டர் லேம்ப் இதைச் சீரமைத்தார். "பாத்து பகாட்" என்றால் செதுக்கிய கல். மலாய்ப் பெயரிலேயே சிற்பியின் வேலை இருக்கிறது.

ஐந்தாம் வாரம்: காணாமல் போன கூரை

தேவையானவை: பழைய அட்டைப் பெட்டி, ஐஸ்கிரீம் குச்சி, வைக்கோல் அல்லது காய்ந்த ஓலை, பசை, பூவாளி.

முகாம் முடிந்த அடுத்த ஞாயிறே இதை நடத்துங்கள். ஒரு வாரம் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

சண்டியில் அளந்த அளவுகளை வைத்து, முன்பு போட்ட அதே கணக்கில், ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், தரைப்படம் வரையட்டும். குழுவுக்குக் குழு அளவு வித்தியாசப்படும். யார் சொல்வது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டை நல்லது. கயிறு தொய்ந்ததா, எங்கிருந்து அளந்தோம் என்று அவர்களே யோசிக்கட்டும்.

பிறகு மேடை, தூண், கூரை என்று மாதிரி செய்ய வேண்டும். கூரைதான் புதிர். தூண் நின்ற அடிக்கற்கள் இருக்கின்றன, தூணும் கூரையும் இல்லை. மேல்பகுதி மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கல் நின்றது, மரம் மக்கிவிட்டது. ஒரு குழு தட்டைக் கூரை போடட்டும், இன்னொரு குழு சாய்வுக் கூரை, மூன்றாவது குழு இன்னும் செங்குத்தாக. எல்லாவற்றின் மேலும் பூவாளியால் மழை பெய்யுங்கள். எது ஒழுகுகிறது? நம் ஊர் மழைக்கு அந்தக் காலத்துக் கட்டடக்காரர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்? சரியான விடையை யாரும் பார்த்ததில்லை. அதனால் பத்து வயதுப் பிள்ளையும் ஆராய்ச்சியாளரும் ஒரே கேள்விக்கு முன்னால் நிற்கிறார்கள். அந்த மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஆறாம் வாரம்: எழுதி வைப்போம்

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்றே கேள்வி. நான் அளந்தது என்ன? எனக்குப் பயமாக இருந்தது எப்போது, யார் உதவினார்கள்? இன்னும் எனக்குத் தெரியாதது என்ன? தமிழில் தடுமாறும் பிள்ளை சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்ளலாம். எல்லாப் பக்கத்தையும் தைத்து ஒரு புத்தகமாக்கி, கோயில் அலுவலகத்தில் வையுங்கள். அடுத்த வருஷம் போகிற பிள்ளைகளுக்கு முதல் வார வகுப்பில் அதுதான் பாடநூல். இரண்டாம் கேள்விக்கு மட்டும் பெயர் போட விருப்பமில்லை என்றால் போட வேண்டாம்.

பிறகு ஒரு செய்தி சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டு இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டி, 11-ஆம் எண் இடப்பட்டது, நில மேம்பாட்டு வேலையின்போது இடிக்கப்பட்டது. நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது, இருந்தும் இடிந்தது. ஏன் என்று கேளுங்கள். என் எண்ணம் இது: தனக்கு எதிரே இருப்பது என்ன என்று தெரியாதவனுக்கு அது வெறும் கல் குவியல்தான். அளந்து, வரைந்து, மாதிரி செய்த பிள்ளைக்கு இனி எந்தக் கல் மேடையும் குவியலாகத் தெரியாது. இருபத்தெட்டு பிள்ளைகள் என்றால், இருபத்தெட்டு காவலர்கள்.

முடிக்கும் முன்

போன மாதம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். போன் பண்ணவில்லை, நேராகவே போனேன். அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். அவன் அறையை விட்டு வெளியே வரச் சிறிது நேரம் ஆனது. அன்றைக்குப் பேய்க்கதை சொன்னது என் தப்பு, அடுத்த வாரம் அந்தப் பேச்சை நிறுத்தாததும் என் தப்பு என்று அவனிடம் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லண்ணா" என்றான். பத்து வயதுப் பிள்ளை "பரவாயில்ல" என்று சொன்னால், பெரியவர்கள் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இருட்டு வகுப்பைப் பற்றிச் சொன்னேன். பந்தையும் பென்சிலையும் காட்டினேன். "விளக்கை நான் அணைக்கலாமா?" என்று கேட்டான். அணைக்கலாம் என்றேன்.

இன்னும் வரவில்லை. அவன் தங்கை மட்டும் இந்த மாதம் சேர்ந்திருக்கிறாள். விளக்குச் சுவிட்சுப் பக்கத்தில் அவனுக்காக ஓர் இடம் வைத்திருக்கிறோம்.

நீங்கள் இந்த டிசம்பரில் முகாம் போடுகிறீர்கள் என்றால், பஸ்ஸுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் நாட்காட்டியை எடுத்து முகாமுக்கு முன்னால் நான்கு ஞாயிறு, பின்னால் இரண்டு ஞாயிறு வட்டம் போடுங்கள். ஆறும் முடியாது என்றால் மூன்றாம் வார வகுப்பை மட்டுமாவது விடாதீர்கள்.